ஒயரை எடுக்காதே என்றேன்

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று மாலை வண்டியின் சார்ஜர் ஒயரைக் கழற்றவா என்று நீ போனில் கேட்டபோது நான் சொல்லாமல் விட்டவை இவை: காற்று நாங்கள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே நின்றுவிட்டது. உங்கள் ஊருக்கு வரும் பெரிய மின்பாதைகள் இரண்டில் ஒன்று பழுதாகிக் கிடந்தது. விளக்கு எரியுமா அணையுமா என்று எனக்கே தெரியவில்லை. இது எதையும் சொல்லாமல், "ஒயரை எடுக்காதேக்கா, அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

நீ என்னோடு பேசுவதை நிறுத்திய பிறகு போன் செய்யத் துணிச்சல் வரவில்லை. நான் பேசினால் ஆபீஸ் வாடை அடிக்கிறது என்று சொல்லிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். புத்தகங்களில் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாம் தெளிவாக எழுதுகிறார்கள். எனக்கு அது வரவில்லை, பொறுத்துக்கொள்.

அத்தைக்கு இருமல் எப்படி இருக்கிறது? மூச்சு மெஷினை இன்னும் 'ரெண்டாவது மருமக' என்றுதான் கூப்பிடுகிறார்களா? நாளெல்லாம் முணுமுணுத்தாலும் மூத்த மருமகளைப் போலக் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதில்லை என்று உன்னை வைத்துக்கொண்டே சொன்னார்களே, அதை நினைத்து இங்கே தனியாகச் சிரித்தேன். மாமியாரின் பேச்சுக்கு நீயும்தான் சிரித்தாய். அத்தான் வெளியூர் வேலை முடிந்து வந்துவிட்டாரா?

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், நிற்கிற காரிலிருந்து கரண்ட் கடன் வாங்குகிறாள் என்பாய். அது சரிதான். பகலில் வெயில் கொழிக்கும்போது ஊரிலுள்ள வண்டிகளின் பேட்டரியை நிரப்புகிறோம். பொழுது சாய்ந்து, சூரியத் தகடுகள் ஓய்ந்து, எல்லா வீட்டிலும் ஏசியும் அடுப்பும் ஒன்றாக ஓடும்போது அதே வண்டிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்கிறோம். காற்றாலைகள் சுற்றினால் பயமில்லை. காற்று நின்றால் வண்டிகள்தான் கதி.

அன்று உங்கள் ஊர் போன்களில் எல்லாம், கரண்ட் போகப்போகிறது, வண்டியைக் கழற்றிவிடுங்கள் என்று செய்தி சுற்றியது. நீ வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி கூப்பிட்டாய். உன் பயம் எனக்குப் புரிந்தது. ஆளாளுக்கு வண்டி வந்ததும் கட்டடத்து ஜெனரேட்டரை விற்றுவிட்டீர்கள். வீட்டில் இருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் அதிக நேரம் தாங்காது. கரண்ட் போனால் வண்டியிலிருந்து மேலே ஒயர் இழுத்துத்தான் மெஷினை ஓட்ட வேண்டும். ஆனால் நாங்கள் எடுத்துக்கொண்டு விடும் மிச்சத்தில் அந்த வண்டி சாலையில் ஓடும், வீட்டுக்குக் கரண்ட் தரப் போதாது. எவ்வளவு மிச்சம் விட வேண்டும் என்பதை நீ மாற்றினாலும் மறுநாளிலிருந்துதான் செல்லும். அன்று உனக்கு இருந்த ஒரே வழி ஒயரைப் பிடுங்குவதுதான்.

உன் ஒரு வண்டியால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் உங்கள் கட்டடமே உன் வண்டியைத்தான் பார்க்கும். முதல் மாடிப் பல் டாக்டர், உன் சார்ஜர் பெட்டியின் பச்சை விளக்குதான் தனக்கு வானிலை அறிக்கை என்று கேலி செய்ததை நீயே சொல்லியிருக்கிறாய். தங்கை கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், ஆபத்து என்றால் அந்த வீட்டுக்குத்தான் முதலில் தெரியும் என்று நினைக்கிறார்கள். நீ கழற்றினால் டாக்டர் கழற்றுவார். அவரைப் பார்த்து எதிர்க் கட்டடத்தில் இருக்கும் அவர் தம்பி கழற்றுவார். தெருவே கழன்றுகொண்டால் எல்லாரும் எதற்குப் பயந்தார்களோ அது நடந்தே தீரும்.

ஆபீஸ் திரையில் பார்ப்பதை வீட்டில் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன். விதி இல்லாவிட்டாலும் அன்று சொல்லியிருக்க மாட்டேன்.

நீ போனை வைத்துவிட்டு, சுற்றி நின்றவர்களிடம், "தங்கச்சி சொல்லிட்டா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி மேலே போனாயாம். ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை, அக்கா. ஆனால் நீ அப்படித்தான் எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்துதான் பேசினேன்.

அதன்பிறகு நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் திரையில் உங்கள் கட்டடம் ஒரு புள்ளி, பக்கத்தில் உங்கள் வண்டிகளில் எவ்வளவு கரண்ட் மீதி என்று காட்டும் ஓர் எண். அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. மிச்சத்தைத் தொட்டபோது, இனி உன் வண்டி அத்தைக்கு உதவாது என்று புரிந்தது. எங்கள் பொறுப்பாளர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், குடிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு புள்ளி அணைந்து மீண்டும் எரிந்தது. நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன், என்னுடையதை அல்ல. பழுதான பாதையைச் சரிசெய்துவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் அவர் டீயைக் கொட்டிவிட்டு வேறு வாங்கப் போனார். உன் வீட்டில் மின்விசிறிகூட நிற்கவில்லை.

நீ வாயாரப் புகழ்ந்தாய். பிறகு பொறுப்பாளர் ரேடியோவில் பேசி, அன்று மயிரிழையில் தப்பினோம் என்று பெருமையடித்துக்கொண்டார். அதைக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டாய். நீ கத்தவில்லை. "அன்னிக்கு நீ தங்கச்சியாப் பேசினியா, ஆபீஸ்காரியாப் பேசினியா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய்.

நீ ஒயரை எடுத்திருந்தால் அத்தைக்கு வண்டி இருந்திருக்கும். அடுத்த தெருவில் இதே மாதிரி மெஷினோடு படுத்திருக்கும் யாரோ ஒருவருக்கு ஒன்றும் இருந்திருக்காது. அந்த யாரோ ஒருவரை நான் பார்த்ததில்லை. அத்தை கையால் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன். தெரிந்தேதான் சொன்னேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பயம் வந்தால் என்னைக் கூப்பிடு. எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். எடுத்தால் ஏன் என்று கேட்க மாட்டேன். கூப்பிடு, அது போதும். அத்தைக்கு மூச்சு சீராக இருக்கட்டும். நீ நன்றாகத் தூங்கு.

என்றும் உன்
சின்னவள்


அன்புள்ள அக்காவுக்கு,

என் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாய் என்று அத்தான் சொன்னார்.

நேற்று மாலை மறுபடியும் காற்று நின்றது. போனைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை. உங்கள் கட்டடத்தின் எண் ஒரு வண்டி கழன்ற அளவுக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு எதிர்க் கட்டடம், பிறகு தெரு. முழுதாக இருட்டுவதற்குள் ஊரின் பாதி அணைந்துவிட்டது.

அத்தையின் மெஷின் விடியும்வரை உன் வண்டியில் ஓடியதாக அத்தான் சொன்னார். மற்ற வீடுகளைப் பற்றி இங்கே இன்னும் தகவல் வரவில்லை.

சின்னவள்