நிறுவனம் என்ற கட்டம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கீழே தபால் பெட்டியில் ஒரு கவர். அவன் கையெழுத்து. புதுப்பட்டினம் முத்திரை. கட்டியவனை விட்டு வந்த பதினான்கு மாதத்தில் முதல் கடிதம். ஒரே வரி: 'ஊரப்பாக்கம் வீடு நல்லா இருக்கா? நேர்ல வந்து பேசறேன்.' முகவரியில் மாடி எண் வரை சரி. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

இந்த வீடு தெரிந்தவர்கள்:
1. ஜெசி (வீடே அவளுடையது. கல்லூரித் தோழி)
2. செங்கல்பட்டு அண்ணன்
3. பாபு, மாமல்லபுரம். என் கணக்கு டியூஷனுக்கு இணையதளம் செய்து தந்தவர்

மூவரில் ஒருவர்தான் வாய் திறந்திருக்க வேண்டும்.

11, செவ்வாய்

அண்ணனுக்கு போன். "நான் இன்னாத்துக்குமா சொல்லப்போறேன்? அவன் மூஞ்சில முழிச்சே வருசமாச்சு." நடிக்கத் தெரியாத மனுஷன். பெயரை அடித்துவிட்டேன்.

அடுத்து பாபுவுக்கு போன். தளத்தில் என் பெயர் இல்லை. பாட வீடியோவில் முகமும் இல்லை. குரலை வைத்துத் தளம் என்னுடையது என்று அவன் கண்டுபிடித்திருப்பான். சரி, வீட்டை எப்படி?

"சைட்டு யார் பேர்ல கீதுன்னு யார் வேணா தேடலாம் மேடம். முன்ன அட்ரஸ், போன் எல்லாம் தெரியும். இப்ப பிரைவசி சட்டம்னு மறைச்சிடறாங்கோ. எனக்குத்தான் பேஜாரு. முட்டுக்காடு போட்டிங்னு போலி சைட்டு ஒண்ணு, என் கஸ்டமர் ஏமாந்துட்டாரு. எவன்டான்னு பார்த்தா மூடி வச்சிகிறாங்கோ."

அந்தத் திருடனுக்கும் எனக்கும் ஒரே திரை. இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வேண்டும். அப்படியானால் மிச்சம் ஜெசிதான்.

12, புதன்

மழை விட்டது. இரண்டாம் தேதி ஞாயிறன்று ஜெசி மீன் வாங்கப் புதுப்பட்டினம் போனாள். ஊரப்பாக்கத்தில் மீனே கிடைக்காதா? வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். இப்போது யோசித்தால் எல்லாம் இடிக்கிறது. கேட்டேவிட்டேன்.

"அவன்கிட்ட நீதானடி சொன்ன?"

தோசைக் கரண்டியோடு நின்றாள். "இன்னாடி பேசற? அங்க எங்க அத்த வூடு கீது. உன்ன இங்க வச்சிகினதுக்கு எங்கப்பா எங்கிட்ட பேசறதே இல்ல, தெரியுமா?"

தெரியாது. சாப்பிடாமல் வேலைக்குப் போனாள். நம்பலாமா? நம்பத்தான் ஆசை.

13, வியாழன்

செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். மாமல்லபுரத்தில் வெயில். உண்மையைச் சொன்னால், தளத்தில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஜெசிதான் என்று உறுதிசெய்துகொள்ளத்தான் போனேன். பாபு தளத்தின் பதிவை எடுத்துக் காட்டினார்.

பெயர்: மறைக்கப்பட்டது.
தெரு: மறைக்கப்பட்டது.
போன்: மறைக்கப்பட்டது.
நிறுவனம்: கேர் ஆஃப் ஜெசிந்தா, இரண்டாவது மாடி, ஊரப்பாக்கம். தெருப் பெயரோடு.

நிறுவனத்தின் பெயர் தனிமனிதர் தகவல் இல்லையாம். அந்தக் கட்டத்தை மறைக்கவில்லை.

"நீங்க ஃபார்ம்ல எழுதிக் குடுத்ததுதான் மேடம். அப்டியே ஏத்திட்டேன்."

ஃபாரத்தையும் எடுத்து நீட்டினார். என் கையெழுத்தேதான். எனக்கேது நிறுவனம்? காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஹாஸ்டல் ஃபாரம், வங்கி ஃபாரம், எல்லாவற்றிலும் கேர் ஆஃப் போட்டே பழக்கம். முதலில் அப்பா. பிறகு அவன். இப்போது ஜெசி.

அழித்துத் தந்தார். "ஏற்கெனவே எவனாச்சும் காப்பி எடுத்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது மேடம்."

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து அம்மாள் ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார்.

14, வெள்ளி

ஜெசி வேலையிலிருந்து வந்ததும் எல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாரும் பாக்கற மாதிரியா இருந்திச்சு?"

"ஆமாம்."

"எத்தினி நாளா?"

"எட்டு மாசம்."

"உம் பேரு?"

"மறைச்சிருந்தாங்க."

"எம் பேரு?"