மணிக்கட்டைப் பிடித்த விரல்கள்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. முட்டிவலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சிட்டுவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்கு மற்றதெல்லாம் எழுத வரும். போனில்தான் பேசுகிறோமே, இதற்கென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கென்ன குறை என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அன்றைக்கு, இந்த வருஷமும் வர முடியாதும்மா, அவருக்கு லீவு கிடைக்கல என்று நீ சொன்னபோதும், அதனால என்ன, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அணைக்கத் தோன்றவில்லை. வருத்தமாக இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது. மாப்பிள்ளை மேல் இல்லை, அவரிடம் போய்ச் சொல்லி வைக்காதே. சிட்டு பிறந்ததிலிருந்து நான் அவளைத் தொட்டதே இல்லை, அவளுக்கு நான் போன் கண்ணாடிக்குள் பேசுகிற ஒரு பாட்டி, அவ்வளவுதான். இப்படியே அவள் வளர்ந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

சிட்டுவுக்கு நான் தைத்து அனுப்பிய சட்டை பொம்மைக்குத்தான் சரியா இருக்கும் என்று நீ சொன்னாயே, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், ஆனால் மனசுக்குள் வெட்கமாகப் போய்விட்டது. என் வேலை என்னவென்று உனக்குத்தான் தெரியுமே. படக்காரர் குகைச் சுவரைப் படம் எடுக்கும்போது, பாறையில் படாமல் பக்கத்திலேயே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பிறகு அந்தப் படத்தைப் பார்த்து அசல் அளவில் தாளில் வரைய வேண்டும். அளவுகோல் இல்லாத படத்தை எங்கள் தொல்லியல் மேடம் கையால்கூடத் தொட மாட்டார். அப்படிப்பட்ட நான், சிட்டு ஒரு நாற்காலி பக்கத்தில் நிற்கிற படத்தைப் பார்த்து, அது குழந்தைகள் நாற்காலி என்று நானே முடிவு கட்டி, அதையே அளவாக வைத்துத் துணியை வெட்டிவிட்டேன். அது உங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியாமே. பேத்தி இவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்பதை ஒரு நாற்காலி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நீங்கள் வருவீர்கள் என்று உன் அறையிலிருந்த பீரோவை நடைக்கு மாற்றினேன், சிட்டுவுக்குக் கட்டில் போட இடம் வேண்டுமே. தனியாகத் தள்ளிப் பார்த்தேன், அது என்னைத் தள்ளியது. அப்புறம் மாடி வீட்டு எலக்ட்ரீஷியன், அவர் மச்சான், எதிர்வீட்டு டெய்லர் எல்லோரையும் கூப்பிட்டேன். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், பீரோ வாசற்படியில் மாட்டிக்கொண்டது, டெய்லர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். ஒருவழியாக நகர்த்திவிட்டு டீ குடித்துப் போய்விட்டார்கள், வீடு மறுபடி கம்மென்று ஆகிவிட்டது. மறுநாள் குகைக்கு ஏறும் வழியில் அந்தக் கல்மேசையைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. நிறுத்திவைத்த கற்களின் மேல் மூடிபோல ஒரு பெரும்பாறை, செத்தவர்களுக்காகப் போட்டது. அந்தப் பாறை இந்த மலையில் கிடையாது, ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்து இழுத்து வந்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை, பக்கத்துக் கூட்டங்களையும் சொல்லி அழைத்திருக்க வேண்டும் என்கிறார் மேடம். சுற்றித் தோண்டினால் சாம்பல், உடைந்த பானை, கருகிய எலும்பு. வந்தவர்கள் வேலை முடிந்ததும் கிளம்பிவிடவில்லை, கூட இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது, சொன்னால் பைத்தியம் என்பாய்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். குகையின் உள்சுவர் முழுக்கக் கைகள். கையைப் பாறையில் வைத்து, வாயில் செங்காவியைக் கரைத்து ஊதிவிட்டு எடுத்தால், சுற்றிலும் சிவப்பாகி, கை இருந்த இடம் மட்டும் வெறும் பாறையாக நிற்கும். எல்லாம் ஒரே காலத்தவை அல்ல, தலைமுறை தலைமுறையாக வந்து வைத்தவை. இடம் நெருக்கடியாக இருந்தும் ஒருவர் கைமேல் இன்னொருவர் வைக்கவில்லை, நம் பஸ்ஸில் இந்த மரியாதை கிடையாது. எதற்காக வைத்தார்கள் என்று படக்காரர் நாளொரு கதை சொல்வார், சாமிக்கு என்பார், வேட்டைக்கு என்பார். எதற்கென்று நமக்குத் தெரியாது, கூட யார் இருந்தார்கள் என்பது மட்டும் சிலசமயம் தெரியும் என்று மேடம் சொல்லி, விளக்கை மேலே தூக்கிக் காட்டினார். எனக்கே எட்டாத உயரத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் கை. யாரோ தோளில் தூக்கியிருக்கிறார்கள். நான் அளவுகோலை எட்டிப் பிடிக்க ஸ்டூல் மேல் ஏறியபோதுதான் மற்றதைப் பார்த்தேன். அந்த மணிக்கட்டைச் சுற்றி இன்னொருவரின் விரல்கள், அவையும் வெறும் பாறையாகப் பதிந்திருக்கின்றன. குழந்தை கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்க ஒருவர் பிடித்திருக்கிறார், இன்னொருவர் ஊதியிருக்கிறார். பிடித்தவர் தன் கையைப் பதிக்க வந்தவரே இல்லை. அவர்கள் என்ன பேசினார்கள், எந்தப் பெயர் சொல்லி அந்தக் குழந்தையைக் கூப்பிட்டார்கள், ஒன்றும் மிச்சமில்லை, பிடித்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அளவுகோல் ஆடுது என்று படக்காரர் கீழேயிருந்து சத்தம் போட்டார்.

அதனால் ஒன்று கேட்கிறேன், தட்டாதே. சிட்டுவின் கையை ஒரு வெள்ளைத் தாளில் விரித்து வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு எனக்கு அனுப்பு. போனில் படமாக வேண்டாம், அந்தத் தாளே தபாலில் வர வேண்டும். அதன் மேல் என் கையை வைத்துப் பார்க்க வேண்டும். பீரோ எடுத்த இடத்தில் ஒட்டி வைப்பேன், அடுத்த முறை சட்டையும் ஒழுங்காகத் தைப்பேன். குளிரில் வெறுங்காலோடு தரையில் நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் ஒருவரையொருவர் விடாமல் நல்லபடியாக நீண்டநாள் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

மறந்துவிடாதே, அவள் உன் மகள், சும்மா இருக்க மாட்டாள், கையை இழுப்பாள். மணிக்கட்டை நீ பிடித்துக்கொள், மாப்பிள்ளை வரையட்டும். உன் விரல் இருக்கும் இடத்தில் பென்சில் போகாது, கோடு விட்டுப்போகும். அசிங்கமாக இருக்கிறதே என்று அப்புறம் அதைச் சேர்த்து வரைந்துவிடாதே. எனக்கு அந்த இடமும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா