கழுவிக்கொண்டு வந்த கால்கள்

என் அன்பு மதினி ரீத்தம்மாவுக்கு,

பெரிய வியாழனன்று கோயிலின் கால் கழுவும் பேசினை நான் திருடிக்கொண்டு போனேன் என்று பதுளை முழுவதும் பேச்சு. திருடவில்லை. பூசை நடுவில், எல்லாரும் பார்க்க, கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். கால் கழுவ உட்காரவைக்கும் பன்னிரண்டு பேரில் பெண்களுக்கு நாற்காலி போடாத கோபமாம். கோபம் உண்மை. காரணம் பொய்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த வருடமே நீங்கள் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும். தோட்டத்திலிருந்து வந்து தனியாகக் கிடப்பவர்களுக்கு முகம் கழுவி, தலை வாரி, சோறு ஊட்டும். அவர்கள் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று நீங்கள் கேட்டதே இல்லை. நீங்கள் ஆண்டவரிடம் போனதும் அந்த வழக்கமும் போயிற்று. இப்போது சேவைக் குழு என்று ஒன்று இருக்கிறது. டீசேர்ட் அடித்திருக்கிறார்கள். வேறென்ன செய்கிறார்கள்?

வியாழன் காலை பெண்கள் வார்டில் மாரியாயியைப் பார்த்தேன். நமுனுகுலவில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். மலையில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மகன் கொழும்பில். கால்விரல் இடுக்கில் தோட்டத்துச் சேறு அப்படியே காய்ந்திருந்தது. என்னால் தனியாக அவளைப் புரட்ட முடியாது. கோயில் சபைச் செயலாளரிடம் போய் இரண்டு பேரைக் கேட்டேன்.

"டீச்சர், அதெல்லாம் சிஸ்டர்மார் வேலைங்க. அதுக்குத்தானே அவங்க மடத்துல சேந்திருக்காங்க?"

"நீங்க ஞானஸ்நானம் வாங்கலையா?"

"கோவிச்சுக்காதீங்க. அந்தம்மா நம்ம கோயில் ஆளும் இல்லையே. இன்னைக்குக் கால் கழுவுற பூசை வேற. பன்னெண்டு பேர்ல நானும் ஒருத்தன்."

மாலையில் பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசிய கால்கள்! பாதரின் கை அழுக்காகக் கூடாதாம். ஆண்டவர் கழுவியது தெருப்புழுதி ஒட்டிய கால்கள் அல்லவா? செயலாளரின் முறை வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"பாதர், இது சுத்தமாத்தான் இருக்கு. தண்ணி தேவைப்படுற கால் ஆஸ்பத்திரியில கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் பேசினை எடுத்தேன். பாதர் துவாயோடு அப்படியே நின்றார். நான் செய்தது மரியாதைக் குறைவுதான். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

"ஐயையோ டீச்சரம்மா, என் காலைத் தொடாதீங்க!" என்று வார்டில் மாரியாயி பதறினாள்.

"சும்மா கெட."

தண்ணீர் பட்டதும் பதற்றம் பறந்துவிட்டது. "ஐஸா இருக்கேம்மா! நாளைக்காவது சுடுதண்ணி கொண்டாங்க."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். "எனக்கும் சேத்துக் கொண்டாங்க டீச்சர்."

நாளைக்கு. அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் என் முழங்கால் வார்டுப் படியேற மறுக்கிறது, மதினி. நான் விழுந்துவிட்டால் அந்த இருவருக்கும் யார்? நீங்களாக இருந்தால் பன்னிரண்டு பேரையும் காதைப் பிடித்து இழுத்துப் போயிருப்பீர்களோ?

நடக்க முடிகிறவரை போவேன். அது உங்களுக்கு நான் தரும் வாக்கு. ஆனால் ஒரு கிழவி போவது சபை போவதாகாது. இதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்; செயலாளரும் படிப்பார். ஐயா, வருகிற ஞாயிறு என்னோடு எந்த இரண்டு குடும்பங்கள் வருகின்றன? பூசை முடிந்து வாசலில் நின்று சொல்லும் சமாதானம் எனக்கு வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் நாத்தனார்,
எமிலி