பாதியில் நின்ற படம்

கஹவத்தை,
வெள்ளிக்கிழமை.

அன்பு விஜயகலாவுக்கு,

சுரேந்திரன் எழுதுவது. இங்கு நானும் பிள்ளை ஷாமிளாவும் சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை.

குவைத்தில் உன் வார்டைக் கூட்டித் துடைக்கும் வரக்காப்பொல ஊர் ரிஸ்லா, ஆஸ்பத்திரி கம்பியூட்டரிலிருந்து ஹில்மியின் கம்பியூட்டர் கடைக்கு ஈமெயில் போட்டிருந்தார். நீ வேலை செய்யும் வீட்டு மாடிப்படியில் விழுந்துவிட்டாய், உன் போன் வீட்டுக்கார அம்மாவிடம் இருக்கிறது, எப்படி இருக்கிறாய் என்று போட்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வரி. வார்டு முகவரியும் இருந்தது.

கீழே போட்டோவைக் காணோம். எழுத்தும் எண்ணுமாக, வாசிக்க முடியாத வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. அந்த நாட்டுப் பாஷை என்று நினைத்து, யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்வதற்காக, ஹில்மியிடம் அச்செடுத்துத் தரச் சொன்னேன்.

"அண்ணே, இது பாஷை இல்ல, போட்டோதான். ஈமெயில்ல எழுத்து மட்டுந்தான் போகும். அதனால படத்த எழுத்தா மாத்தி அனுப்புறது. இங்க வந்ததும் மறுபடி படமாக்கணும். இதுல தொடங்குற வரி இருக்கு, முடியிற வரி இல்ல. வழியில அறுந்திருக்கு" என்றான் ஹில்மி.

வந்த வரிகளை மட்டும் வைத்து மாற்றிப் பார்த்தான். முதலில் ஒரு சுவர். பிறகு உன் வகிடு, நெற்றி. இடது புருவத்துக்கு மேல் வெள்ளைக் கட்டு தொடங்குகிறது. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். மூன்று தடவை செய்தான். மூன்று தடவையும் அங்கேயே நின்றது. மறுபடி அனுப்பச் சொல்லி எழுதினோம். ஐந்து நாளாகப் பதில் இல்லை.

உன்னை அனுப்பிய ஏஜென்சிக்கும் போனேன். "விழுந்திருக்காங்க, அவ்வளவுதான், பயப்படாதீங்க" என்றார்கள். மழையில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலை இறங்கியவள் நீ. வீட்டுப் படியில் விழுந்தாய் என்றால் நான் எப்படி நம்புவது? யாரிடம் போய்க் கேட்பது?

பிள்ளையும் படத்தைப் பார்த்தாள். "அம்மா கண்ண மூடிக்கிட்டா இருக்காங்க, தொறந்துக்கிட்டா?" என்று கேட்டாள். தூங்குறாங்க என்று சொல்லிவிட்டேன்.

இதை வார்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். ரிஸ்லா வாசித்துக் காட்டினாலும் சரிதான். பதிலை மட்டும் வேறு யாரையும் எழுதச் சொல்லாதே. எழுத்து கோணலானாலும் பரவாயில்லை, உன் கையால் ஒரே ஒரு வரி எழுது. மாரியம்மா உன்னை எப்படியாவது எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
சுரேந்திரன்