‘பின்ன’ என்று சொன்னேன்

அக்கா,

சார்ஜர் தேடி மேசை இழுப்பறையைக் குடைந்தபோது அந்த லினக்ஸ் டேப்லெட் கையில் அகப்பட்டது. கூடவே யூஎஸ்பி ஹப்பும். பென்டிரைவை நேராகச் செருகினால் டேப்லெட் கண்டுகொள்ளாது. தனியாகக் கரண்ட் வாங்கும் ஹப் வழியாகச் செருகினால்தான் அசையும். "எங்க வீட்டு ஆளு மாதிரி, இதையும் ஒருத்தர் தள்ளி விடணுமாக்கும்" என்று நீங்கள் சொன்னதை நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

காரோட்டில் நம் வீடுகளுக்கு நடுவே ஒரு வேலிதான். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதன்பின் குரல் வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குவைத்தில் நர்ஸாக இருந்த மகளுக்காக, முந்தின நாள் இந்த டேப்லெட்டில் குரலைப் பதிந்து வைக்க வந்தீர்கள். போனிலேயே அனுப்பும் வசதி அன்று நம் கைக்கு எட்டவில்லை. ஜெபமோ புத்திமதியோ சொல்வீர்கள் என்று பார்த்தால், "மக்களே, தலைய நல்லா துவத்து. ஈரத்தோட உறங்காத. மீனு கிடைக்கல்லேண்ணா முட்டை வாங்கித் தின்னு. அம்மைக்கு ஒண்ணும் இல்ல, கேட்டியா" என்றீர்கள்.

டேப்லெட்டில் இடமில்லாததால் பதிவைப் பென்டிரைவுக்கு நகர்த்தினேன். முடிந்தது என்று திரை காட்டினாலும் உள்ளே எழுதி முடியக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை கழற்றக் கூடாது.

"ஊரட்டா மக்கா?" என்று பென்டிரைவைப் பிடித்தீர்கள்.

"பின்ன" என்றேன், பிறகு என்ற அர்த்தத்தில். நம் ஊரில் அதற்குச் ‘சந்தேகமென்ன’ என்றும் அர்த்தம் உண்டே. ஊரிவிட்டீர்கள்.

பென்டிரைவில் பதிவின் பெயர் மட்டும் இருந்தது, குரல் இல்லை. டேப்லெட்டிலும் இல்லை. "போட்டும், காலத்த எழும்பி ஒண்ணூடி சொல்லுதேன்" என்றீர்கள். ஆனால் அன்று சாயங்காலமே வந்து சேரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது.

அப்புறம் நான் எப்போது ‘பின்ன’ என்றாலும் கையை ஓங்கி, சத்தமில்லாமல் சிரிப்பீர்கள். உங்களுக்கு ஆறிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை அக்கா.

உங்கள் அடக்கம் முடிந்ததும் மகள் என்னிடம் வந்தாள். "அம்மை அண்ணு என்ன சொன்னா சித்தி? நீங்க மட்டும்தானே கேட்டது." சொன்னேன். அவளுக்குப் போதவில்லை. "அம்மை சொன்ன மாதிரி சொல்லுங்க." நீங்கள் இழுத்த இடத்தில் இழுத்து, அதட்டிய இடத்தில் அதட்டிச் சொன்னேன்.

இப்போது லீவுக்கு வரும்போதெல்லாம், குளித்த கையோடு தண்ணீர் சொட்டச் சொட்ட வேலியைத் தாண்டி வந்து நிற்கிறாள். தலை துவட்டத் தோளில் துவர்த்து கிடக்கும். நான் அதட்டும் வரை அதைத் தொடுவதில்லை.