நாலாம் கியருக்கு எரியும் விளக்கு

மச்சான்,

இன்றைக்கு லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி உன் ஹோர்ன் அடித்தது. கண்டக்குழி லொட்ஜில் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வந்தவர், என் கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த இடத்தில் உன் பின்போல் விளையாட்டுப் பெட்டியைக் கண்டுவிட்டார். உருண்டை குழிக்குள் விழப்போவதைப் பார்த்து இடுப்பால் பெட்டியை ஒரு தள்ளுத் தள்ளினார். உள்ளே நீ தொங்கவிட்ட ஈயக்குண்டு வளையத்தில் முட்டி, கடையே அதிர ஹோர்ன் கத்தி, இரண்டு லீவரும் இறுகிவிட்டன. மனுஷன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார். பாண் வெட்டிக்கொண்டிருந்த நான் சிரித்த சிரிப்பில் கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. பெட்டியை ஆட்டினால் பைக் விழுந்ததாகக் கணக்கு என்பது உன் சட்டம் என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் விளக்கினேன். அவருக்கு விளங்கியதோ என்னவோ, இன்னொரு தேத்தண்ணி கேட்டார்.

உன்னிடம் சொல்லவேண்டும் போல் இருந்தது. அதுதான் எழுதுகிறேன்.

நீ பாலாவி வளைவில் உப்பு லொறிக்கு வழிவிடப் போய் பைக்கோடு விழுந்த காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும். மன்னாரிலிருந்து வந்து, கரைத்தீவில் கொஞ்சக் காலம் இருந்து, பிறகு கற்பிட்டியில் கலியாணம் முடித்தவன் நீ. மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு புத்தளம் சந்தைக்குப் பறந்தவன். அந்த விழுகைக்குப் பிறகு வலது முழங்கால் மடங்கவில்லை. அதற்காக வீட்டுக்குள் கதிரையைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வதா? ஜும்ஆவுக்குக்கூட உன்னைக் கிளப்ப முடியவில்லை. நான் வந்து கதைத்தால் ஓம், ஓம் என்பாய். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒருநாள் வாசல்வரை வந்து வழியனுப்பிய உன் மனைவி, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவ, சொன்னது என் நெஞ்சில் தைத்துவிட்டது.

"நானா, இவர எப்படியாச்சும் வெளியாக்குங்க. செவரப் பார்த்துப் பார்த்து மனுசன் செவராவே போறார்."

வெளிநாட்டில் துறைமுகத்தில் வேலை செய்த நாட்களில் நீ கண்ட பின்போல் பெட்டியைப் பற்றிக் கதையைக் கிளப்பினேன். கப்பல்காரர்கள் விளையாடும் இடத்தில் நின்றதாம். சரிந்த பலகையில் இரும்பு உருண்டை ஓடும். கீழே இரண்டு சின்னத் துடுப்புகள். விழவரும் உருண்டையை அடித்து மேலே அனுப்பவேண்டும். அதைச் சொல்லும்போதுதான் உன் கை அசைந்தது. முறிந்த பைக் சும்மாதானே கிடக்கிறது, என் கடையில் ஒன்று செய்து வைப்போமா என்று கேட்டேன். சும்மா ஒரு வாய்க்குத்தான் கேட்டேன். மறுநாள் காலையில் நீ ஊன்றுகோலோடு கடை வாசலில் நிற்கிறாய். பின்னால் முச்சக்கர வண்டியில் உன் பைக்கின் ஹேண்டில், ஹெட்லைட், மைல்மீட்டர், அதற்கும் மேலே உன் மனைவியின் அலுமாரிக் கதவு. கேட்டுத்தான் கழற்றினாயா என்றேன். திரும்பிப் போய்க் கேட்கிறேன் என்றாய்.

அந்தக் கதவுப் பலகையில் நீ போட்டது கற்பிட்டி ரோட்டுத்தான். துடுப்புகளை ஹேண்டிலோடு கேபிளால் இணைத்தாய்: கிளட்ச் பிடித்தால் இடது துடுப்பு, பிரேக் பிடித்தால் வலது துடுப்பு. உருண்டையைக் கிளப்ப சைட் ஸ்டாண்ட் ஸ்பிரிங். காலால் உதைத்தால் அல்லவா பைக் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நீ கோபிக்கவில்லை. உன் காலைத் தட்டிக் காட்டி, இனி என் பைக் கையால்தான் ஸ்டார்ட் ஆகும் என்றாய். கடைக்குள் நீ சிரித்த முதல் சிரிப்பு அது.

கியர்தான் நம்மைச் சண்டை பிடிக்க வைத்தது. நான்கு மரத்தட்டுகள், ஒன்று முதல் நான்கு வரை. உருண்டை பட்டால் தட்டு விழும், ஆனால் வரிசையாக விழவேண்டும். இரண்டை அடிக்காமல் மூன்றை அடித்தால் எஞ்சின் நின்றுவிட்டது என்று கயிற்றை இழுத்து எல்லாத் தட்டையும் மறுபடி நிமிர்த்திவிடவேண்டும். நாலும் விழுந்தால்தான் ஓரத்துப் பெரிய ரோட்டுக்குப் படலை திறக்கும். உருண்டை ஒரு சுற்றுச் சுற்றி சைக்கிள் மணியை அடிக்கும், ஹெட்லைட் எரியும், மைல்மீட்டரில் ஓர் எண் ஏறும். இது என்ன கொடுமை, கடைக்கு வருகிற ஆட்கள் இரண்டாம் நாளே ஓடிவிடுவார்கள், அந்தச் சட்டத்தை எடு என்று நான் கெஞ்சினேன். நீ அசையவில்லை. கியர் தாவிப் போகிறவனை ரோட்டு மன்னிக்காது, உன் கடை மட்டும் என்ன மன்னிக்கிறது என்றாய். உன் அடம் ஊருக்கே தெரிந்ததுதானே. ஆனால் நடுவில் ஒரு பள்ளம் வைத்தாய், நியூற்றல் என்று. அதில் உருண்டை தங்கும். இரண்டு லீவரையும் சேர்த்துப் பிடிக்கும்வரை அங்கேயே இருக்கும். ஓடுகிறவனுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்றாய்.

ஆட்கள் ஓடவில்லை. வள்ளக்காரர், கருவாட்டு வியாபாரி, வெங்காயத் தோட்டத்து ஆட்கள் என்று கடை நிரம்பியது. நீ காலையில் வந்தால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் எழும்புவாய். யாராவது கியர் தாவினால் கயிற்றை இழுப்பதே உன் வேலை. அப்போதுதான் மைல்மீட்டரில் எண் குறைய ஏற்றித் தோற்றவன் வென்றவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று யாரோ ஒரு வழக்கத்தைக் கிளப்பிவிட்டார்கள். கடைக்காரன் நான் வேண்டாம் என்பேனா?

கதை பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளித் தலைவர் ஹாஜியார் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்து நின்றார். இரண்டு ஆட்டம் பார்த்தார். தோற்றவன் கொடுப்பதென்றால் அது பந்தயம், பந்தயம் என்றால் சூது, நாளைக்கே இதைக் கழற்றுங்கள் என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். உன் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பெட்டி போனால் நீ மறுபடியும் அந்தக் கதிரைக்குத்தான் போவாய் என்று எனக்கு நிச்சயம். ஹாஜியார் செருப்பைத் தேடினார். அப்போது நீ ஊன்றுகோலை ஊன்றி எழும்பினாய்.

"ஹாஜியார், வெண்டவன் குடுத்தா?"

அவர் திரும்பினார். "வெண்டவன் என்னத்துக்குக் குடுக்கிற?"

"வெண்ட சந்தோசத்துக்கு."

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, மௌலவியிடம் கேட்டுச் சொல்வதாகப் போனார். அன்றிரவு நீ சோறு தின்னவில்லை என்று பிறகு அறிந்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். கட்டாயம் எதுவும் இருக்கக் கூடாது, வென்றவன் மனதார விரும்பிக் கொடுத்தால் கொடுக்கலாம், பாங்கு சொன்னால் விளக்கு அணையவேண்டும் என்றார். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. சாரத்தை மடித்துக் கட்டி, ஹேண்டிலைப் பிடித்தார். வாலிபத்தில் மோட்டார் சைக்கிள் ஓடியவராம். முதல் உருண்டையிலேயே ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவினார். ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, நீ ஈவிரக்கமில்லாமல் கயிற்றை இழுத்து, எஞ்சின் நின்றிட்டு ஹாஜியார் என்றாய். அதன்பிறகு அஸர் முடிந்தால் அவர் இங்கேதான்.

புதுச் சட்டத்தால் வேறொரு கூத்து வந்தது. மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் ஐஸ்காரர் வெல்லப் போகும் நேரம் பார்த்து லீவரை விட்டுவிடுவார், தேத்தண்ணி வாங்கவேண்டி வரும் என்று. முழங்கால் மடங்காமல் போனபோதுகூட நீ அவ்வளவு கொதிக்கவில்லை. திறந்த ரோட்டில் பிரேக் அடிக்கிறவனெல்லாம் ஒரு மனுஷனா என்று நாள்முழுக்கப் புறுபுறுத்தாய்.

பிறகு ஒருநாள் நெஞ்சு நோகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், வரவில்லை. கடையில் எவரும் பெட்டியைத் தொடவில்லை. எனக்கும் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை, மச்சான். பொய் சொல்ல மாட்டேன், அழுதேன்.

உன் மனைவி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து வெளியில் வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆண்களெல்லாம் சோற்றுக்குப் போன நேரத்தில், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தா. மதினி, இருங்க என்று கதிரையைத் துடைத்துப் போட்டேன். இருக்கவில்லை. நேரே ஹேண்டிலிடம் போனா. இத்தனை வருஷமும் அவ அதைப் பார்த்ததேயில்லை. எப்படிப் பிடிப்பது என்று கேட்டா, காட்டினேன். முதல் உருண்டை கிளம்பின வேகத்திலேயே நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. நான் உருண்டையை எடுக்கக் குனிகிறேன், அவ வாய்விட்டுச் சிரிக்கிறா.

"இவ்வளவுதானா நானா? இதுக்கா அந்த மனுசன் சோறு ஆறும்வரைக்கும் இங்க நிண்ட?"

இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதில் முதலாம் கியர் விழுந்தது, இரண்டாம் கியரும் விழுந்தது. பிறகு குழி. இன்னும் விளையாடுங்கள் என்றேன். ஓர் ஆளுக்கு மூன்று உருண்டைதான், அவர் சொல்லியிருக்கிறார் என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டா. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தா.

"அடுத்த வெள்ளி வாறேன். மத்த ரெண்டு கியரையும் விழுத்தாம விடமாட்டேன்."

வந்தா. அதற்கடுத்த வெள்ளியும் வந்தா. நாலாம் கியர் இன்னும் விழவில்லை. வியாழன் பின்னேரங்களில் நான் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, ஹெட்லைட் பெட்டரியைச் சார்ஜில் போட்டு வைக்கிறேன், மச்சான்.