துரைக்கு இரண்டு ஊசி

என் அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் பொய் சொன்னது போதும்.

நேற்று நீ போனில் "துரை எப்படி இருக்கான் அத்தை?" என்று கேட்டாய். "நல்லா இருக்கான், சாப்பிட்டுட்டுத் தூங்குறான்" என்றேன். துரை அப்போது வீட்டிலேயே இல்லை. கால்நடை ஆஸ்பத்திரிக் கூண்டில், முன்காலில் ட்ரிப்ஸ் ஊசியோடு படுத்துக் கிடந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். மறுபடி உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பதும் வைப்பதுமாகவே பொழுது போயிற்று. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எழுதினால் கோர்வையாக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோபப்படுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ கிளம்பின பிறகு இந்த வீடு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. மாற்றல் வந்த ஊர் லேபில் போய்ச் சேருகிறேன் என்று நீ சொன்னதற்கு, "போனா போனதுதான், திரும்பி வராதே" என்று உன் புருஷன் கத்தினானே, அன்று முதல் நான் அவனோடு பேசுவதில்லை. பெற்ற பிள்ளையாக இருந்தால் என்ன, பேச்சென்றால் பேச்சா அது? நான் பேசவில்லை என்றதும் அவனும் நிறுத்திக்கொண்டான். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மெக்கானிக்குக்குத் தன் வீம்பை ஒரு மாடிகூட இறக்கத் தெரியவில்லை. யாரைக் கொண்டு பிறந்தான் என்று நீ கேட்க மாட்டாய், மரியாதை தெரிந்தவள். என்னைக் கொண்டுதான்.

ஒரே வீட்டில் பேசாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? அதனால் எல்லாவற்றையும் துரையிடம் சொல்லுவோம். "துரை, உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்பேன் நான். "துரை, உங்க பாட்டிகிட்ட சொல்லு, இன்னிக்கு வர லேட்டாகும்" என்பான் அவன். துரை நடுவில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான். பூனைக்குத் தலையெழுத்து.

ஆனால் அவன் வைத்தியத்தில் யாரும் குறை வைக்கவில்லை. எல்லாம் நீ காட்டிக்கொடுத்தபடிதான். கணையம் சரியாகச் சுரக்காததால், தின்றது செரிக்க டாக்டரம்மா கொடுத்த பொடியைச் சாப்பாட்டில் பிசறி, ஊறவிட்டு, பிறகுதான் தட்டு வைப்பது. தின்று முடித்ததும் பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிச் சர்க்கரைக்கு இன்சுலின் போடுவது. காலையில் உன் புருஷன், மாலையில் நான். தையல் ஊசியைப் பிடித்துப் பிழைத்தவள்தான் நான். ஆனாலும் உயிருள்ள தோல் அல்லவா, ஒவ்வொரு தடவையும் "பொறுத்துக்கோடா ராசா" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவேன். பொடி போட்டும் மலம் வெளுத்து, எண்ணெய் மினுங்கித்தான் போகிறது. நாற்றம் தெருமுனை வரைக்கும் போகும். முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்படுகிறது. இதையெல்லாம் உன்னிடம் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலையில் காய்கறி வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது உன் புருஷன் அறைக் கதவு சாத்தியிருந்தது. துரையின் தட்டு கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது, ராத்திரி நான் வைத்தது அப்படியே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். லீவு நாள் என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான், பூனையைக் கவனிக்கவில்லை என்று எனக்கு எரிச்சல். கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பேன், பேசுவதுதான் கிடையாதே! கதவுக்கு நேராக நின்று, "ஏன் துரை, உனக்கு ஊசி போட்டாச்சா, இல்லையா?" என்று உரக்கக் கேட்டேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. சரி, போடவில்லை என்று முடிவு கட்டினேன். சாப்பாடு வைத்தேன். ஏதோ இரண்டு வாய் நக்கினான். ஊசியைப் போட்டேன்.

துணிகளைக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் துரை தள்ளாடித் தள்ளாடி நடக்கிறான். சுவரில் போய் முட்டினான். பக்கவாட்டில் சாய்ந்தான், நாலு காலும் தண்ணீரில் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டன. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. சோஃபாவுக்குப் பின்னால், காலையில் தின்றதையெல்லாம் அப்படியே கக்கி வைத்திருந்தான். எனக்கு உலகமே இருட்டிவிட்டது. "டேய், ஓடி வாடா!" என்று அலறினேன். இத்தனை நாளுக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவன் ஓடி வந்து துரையின் காதில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தான். மெஷினில் எண்ணே வரவில்லை, அவ்வளவு கீழே போயிருந்தது சர்க்கரை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். "சர்க்கரைத் தண்ணிய ஈறுல தடவுங்க, வாய்க்குள்ள ஊத்தாதீங்க, புரையேறிடும். தடவிக்கிட்டே வாங்க" என்றார். ஸ்கூட்டரை அவன் ஓட்ட, துண்டில் சுற்றிய துரையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் தடவிக்கொண்டே போனேன். பாதி வழியில் என் விரலைக் கடித்தான். ரத்தம் வந்தது. கடிக்கத் தெம்பு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "காலையில ஊசி போட்டது யாரு?" என்பதுதான்.

"நான்" என்றேன். அதே நேரத்தில் அவனும் "நான்" என்றான்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?" என்று கேட்டார். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அப்படியே என்னை விழுங்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

துரையை உள்ளே எடுத்துப்போன பிறகு உன் புருஷன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னான். "நீ கேட்டது காதுல விழுந்துச்சும்மா. விடியக்காலையிலேயே சாப்பாடு வச்சு, ஊசி போட்டு, தட்டையும் கழுவி வச்சுட்டு முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன். என்னைக் கேக்க வேண்டியதப் பூனையக் கேக்குறாளேன்னு வீம்புக்கு வாய மூடிக்கிட்டுக் கிடந்துட்டேன்." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனைத் திட்ட எனக்கு ஏது வாய்?

சர்க்கரை இப்போது மேலே வந்துவிட்டது. வலிப்பும் நின்றுவிட்டது. ஆனால் கணையம் வீங்கியிருக்கிறதாம், அந்த வலியிலும் குமட்டலிலும் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறான். கிண்ணத்தை நீட்டினால் உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறான். சாப்பிட்டால்தான் பழையபடி ஊசி போட முடியும், ஊசி இல்லாமல் நாளைத் தள்ளவும் முடியாது. இப்படியே பட்டினி கிடந்தால் ஈரலும் கெட்டுப்போகும் என்கிறார் டாக்டரம்மா. அவர் குரல் இறங்கும்போதெல்லாம் என் உயிர் போய்ப் போய் வருகிறது.

"யார் கையிலயாவது விரும்பிச் சாப்பிடுவானா?" என்று இன்று காலையில் கேட்டார். "என் பொண்டாட்டி கையில" என்றான் உன் புருஷன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போய் உன் பழைய லேப் கோட்டை எடுத்துவந்து கூண்டுக்குள் விரித்தான். நீ கொண்டு போய்விட்டாய் என்றல்லவா நினைத்திருந்தேன். அவன் அதைத் துவைக்காமல் தன் அலமாரியில் வைத்திருந்திருக்கிறான். துரை அதில் மூக்கைப் புதைத்துப் படுத்திருக்கிறான். இன்னும் ஒன்றும் தின்னவில்லை.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். துரை செத்துப்போவானோ என்ற பயம் இருக்கத்தான் இருக்கிறது. அதற்கும் பின்னால் இன்னொன்று இருக்கிறது. நீ வாரா வாரம் இந்த வீட்டுக்குப் போன் செய்வது துரைக்காக. அவன் இல்லையென்றால் எதற்காகச் செய்வாய்? மருமகள் என்று ஒருத்தி இருந்தாள் என்று ஆகிவிடுமோ என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. பூனையைக் காட்டி உன்னை மிரட்டி வரவழைக்கிறேன் என்று எண்ணாதே. போனில் சொன்னால் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடிதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உன் வேலையை விட வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன், அவனைக் கேட்கவும் விடமாட்டேன்.

துரைக்கு என்ன ஆனாலும் நீ போன் செய்யம்மா. கேட்க ஒன்றுமில்லாவிட்டாலும் செய். வேளைக்குச் சாப்பிடு. தனியாக இருக்கிறோம் என்று பட்டினி கிடக்காதே. நீ எங்கிருந்தாலும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை

பின்குறிப்பு: இதைக் கொண்டுவந்து கொடுப்பவர் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் வேன் டிரைவர். அவர் மனைவியும் கூட வருகிறாள். நாளை சாயங்காலம் உன் ஊரில் சரக்கை இறக்கிவிட்டு இங்கே திரும்புகிறார்களாம். வரும்போது வண்டியில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கும் என்றாள். சும்மா சொன்னேன்.